ஜெரால்டின் விஸ்வநாதன்: மார்வெல் படத்தில் வந்த அந்தத் தமிழ்ப் பெயர் யாருடையது?

2025 மே மாதம் தியேட்டரில் 'தண்டர்போல்ட்ஸ்' பார்த்தீர்களா? சிஐஏ இயக்குநர் வாலன்டினாவுக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டு, அவர் சொல்வதையெல்லாம் செய்து முடித்துக்கொண்டு, அதே நேரத்தில் 'இது சரியா?' என்று உள்ளுக்குள் தவித்துக்கொண்டிருந்த உதவியாளர் மெல்லை ஞாபகம் இருக்கிறதா? படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது சற்றுக் கவனித்திருந்தால் 'விஸ்வநாதன்' என்ற பெயர் கண்ணில் பட்டிருக்கும். 'என்னடா இது, நம்ம ஆளா?' என்று பக்கத்தில் இருந்த நண்பரிடம் கேட்டிருந்தால், அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

ஆமாம், ஒரு பாதி நம்ம ஆள்தான். பெயர் ஜெரால்டின் விஸ்வநாதன். ஆஸ்திரேலிய நடிகை. அப்பா இந்தியத் தமிழர், அம்மா சுவிட்சர்லாந்துக்காரர்.

சுருக்கமாகச் சொன்னால்:

• பிறந்தது 1995 ஜூன் 20, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள நியூகாசல் நகரம்.
• உலகம் கவனித்த முதல் படம் 2018இல் வந்த 'பிளாக்கர்ஸ்'.
• தொலைக்காட்சியில் நான்கு சீசன் ஓடிய 'மிராக்கிள் வொர்க்கர்ஸ்' தொடரின் முக்கிய நடிகர்களில் ஒருவர்.
• ஏறக்குறைய எல்லாப் பாத்திரங்களும் அமெரிக்க உச்சரிப்பில்.

சரி, சுங்கை ஊடாங்கில் உட்கார்ந்துகொண்டு ஆஸ்திரேலிய நடிகையைப் பற்றி ஏன் படிக்க வேண்டும்?

ஒரு காரணம் பழையது. உங்கள் தாத்தா பாட்டியிடம் தெரண்டாக் முகாமைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1950களின் கடைசியில் கட்டப்பட்ட அந்த முகாமில் காமன்வெல்த் படையினர் தங்கியிருந்தார்கள். பிரிட்டன், நியூசிலாந்து வீரர்களோடு ஆஸ்திரேலிய வீரர்களும் அவர்களின் குடும்பங்களும் 1960கள் முழுக்க அங்கே வாழ்ந்தார்கள். முகாமுக்குள் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்த ஆஸ்திரேலியர்கள் பலரின் எச்சங்கள் 2016 ஜூனில்தான் சொந்த நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டன. ஆக, ஆஸ்திரேலியா நம்ம ஊருக்குப் புதிய பெயர் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் 'ஆஸ்திரேலியர்' என்றால் நம் மனதில் வந்தது ஒரே ஒரு முகம், வெள்ளை முகம்.

இரண்டாவது காரணம் இன்றையது. 2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் மட்டும் சுமார் 95 ஆயிரம் பேர். அந்த முகம் மாறிவிட்டது. அது திரையில் எப்படி மாறியது, யாரால் மாறியது, அதற்கு என்ன விலை என்பதற்கு ஜெரால்டினின் பயணம் ஒரு நல்ல உதாரணம். நடிக்க வேண்டும் என்ற ஆசையை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பவராக நீங்கள் இருந்தால், இதில் உங்களுக்குப் பயன்படும் விஷயங்களும் உண்டு.

நியூகாசல் எப்படிப்பட்ட ஊர்?

சிட்னிக்கு வடக்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் துறைமுக நகரம். நிலக்கரி ஏற்றுமதிக்குப் பெயர் போனது. அங்கிருந்த பெரிய இரும்பு ஆலை 1999இல் மூடப்பட்டது. சுங்கை ஊடாங் என்றதும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் ராணுவ முகாமும் நினைவுக்கு வருவது போல, நியூகாசல் என்றால் நிலக்கரியும் கப்பலும். நடிகர்கள் வரிசையாகப் புறப்பட்டு வரும் ஊர் என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

ஆஸ்திரேலிய நடிகர்கள் வழக்கமாக எப்படி மேலே வருகிறார்கள்?

இதைத் தெரிந்துகொண்டால்தான் ஜெரால்டின் போன வழி ஏன் வேறு என்பது புரியும்.

ஆஸ்திரேலியாவில் பல வருடங்களாக ஒரு ஏணி இருக்கிறது. தினசரி ஓடும் குடும்பத் தொடர்கள்தான் முதல் படி. 'நெய்பர்ஸ்' தொடரில் மார்கோ ராபி நடித்தார். 'ஹோம் அண்ட் அவே' தொடரில் கிறிஸ் ஹெம்ஸ்வர்த் நடித்தார். வாரத்துக்குப் பல எபிசோடுகள் எடுப்பதால் கேமரா முன்னால் நிற்கும் பயம் போய்விடும், வசனம் சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிடும், சம்பளமும் வரும். இரண்டு மூன்று வருடம் கழித்து லாஸ் ஏஞ்சலஸுக்கு விமானம் ஏறுவார்கள். நம்ம நாட்டில் தொலைக்காட்சித் தமிழ் நாடகத்தில் தொடங்கி சினிமாவுக்குப் போவது மாதிரிதான்.

ஆனால் அந்தத் தொடர்களின் தெருக்களில் குடியிருந்தவர்கள் நெடுங்காலம் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். ஆஸ்திரேலியாவின் நிஜத் தெருக்களில் இருந்த ஆசிய முகங்கள் அங்கே அரிது. இந்த ஒரு குறையைப் பற்றி அந்த நாட்டிலேயே பல வருடமாக விவாதம் நடக்கிறது. 'விஸ்வநாதன்' என்று பெயர் வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஏணியின் முதல் படியே கொஞ்சம் உயரம்.

ஜெரால்டின் சிட்னியில் ஸ்கெட்ச் காமெடி பக்கம் போனார். சிறு குழுவாகச் சேர்ந்து, தாங்களே எழுதி, தாங்களே மேடையில் நடிக்கும் குட்டிக் குட்டி நகைச்சுவைக் காட்சிகள். இதில் ஒரு வசதி: யாரும் உங்களுக்கு ரோல் கொடுக்க வேண்டியதில்லை, உங்கள் ரோலை நீங்களே எழுதிக்கொள்ளலாம். ஒரு கஷ்டமும் உண்டு. ஜோக் எடுபடவில்லை என்றால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும். 2016இல் 'இமோ த மியூசிக்கல்' என்ற ஆஸ்திரேலியப் படத்தில் துணைப் பாத்திரம் கிடைத்தது. அதன் பிறகுதான் அமெரிக்கா.

திருப்புமுனை எது?

2018இல் வந்த 'பிளாக்கர்ஸ்'. கே கேனன் இயக்கிய முதல் படம். பள்ளியின் கடைசி வருட நடன விருந்துக்குப் போகும் மூன்று தோழிகள், அவர்களைத் தடுக்கத் துரத்தும் மூன்று பெற்றோர், இதுதான் கதை. அதில் ஜான் சீனாவின் மகள் கேலாவாக ஜெரால்டின். ஆமாங்க, மல்யுத்த மேடையிலிருந்து வந்த அதே ஜான் சீனா. கேலாவின் அம்மாவாக இந்திய வம்சாவளி நடிகை சரயு புளூ.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அப்பா வெள்ளைக்காரர், அம்மா இந்திய வம்சாவளி, மகள் கலப்பு. ஆனால் படம் அதைப் பற்றி ஒரு பாடம் எடுப்பதில்லை. 'ஏன் இப்படி?' என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. கேலா ஒரு விளையாட்டு வீராங்கனை, தைரியசாலி, வாயாடி. அவ்வளவுதான். ஹாலிவுட் காமெடிகளில் அதுவரை பழுப்பு நிறப் பெண்ணுக்கு வழக்கமாகக் கிடைத்தது படிப்பாளித் தோழி வேடம் அல்லது கண்டிப்பான அப்பாவுக்குப் பயந்த மகள் வேடம். கேலா இரண்டும் இல்லை.

உலகம் முழுக்க இந்தப் படம் சுமார் 9 கோடியே 40 லட்சம் டாலர் வசூலித்தது. பெரிய நட்சத்திரங்களுக்கு நடுவில் விமர்சகர்கள் தனியாக எடுத்துச் சொன்ன பெயர்களில் ஜெரால்டினுடையதும் ஒன்று.

'ஹாலா' ஏன் விவாதமானது?

அடுத்து வந்தது நேர் எதிரான படம். மின்ஹால் பேக் இயக்கிய 'ஹாலா', 2019 ஜனவரியில் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. ஆப்பிள் நிறுவனம் வாங்கி அந்த ஆண்டின் கடைசியில் வெளியிட்டது. தலையில் துடுங் அணிந்து ஸ்கேட்போர்டில் பள்ளிக்குப் போகும் பாகிஸ்தானிய-அமெரிக்கப் பெண் ஹாலா. வீட்டில் ஒரு வாழ்க்கை, வெளியில் இன்னொன்று. ஜெரால்டினுக்கு இது முழுப் படத்தையும் தாங்கும் முதல் கதாநாயகி வேடம். காமெடி கைவிட்டுப் போய், முகத்தாலும் மௌனத்தாலும் நடிக்க வேண்டிய இடம். நடிப்புக்குப் பாராட்டு கிடைத்தது.

ஆனால் டிரெய்லர் வந்தபோது முஸ்லிம் பார்வையாளர்கள் சிலர் கோபப்பட்டார்கள். முஸ்லிம் பெண் என்றாலே ஏன் 'மதத்திலிருந்து விடுதலை' என்ற கதை மட்டும் என்பது அவர்கள் கேள்வி. இயக்குநரோ அதே பின்னணியில் வளர்ந்தவர், தனக்குத் தெரிந்த உலகத்தை எடுத்தவர்.

இதோடு இன்னொரு கேள்வியும் ஒட்டியிருக்கிறது. தமிழ்-சுவிஸ் வேர் கொண்ட ஆஸ்திரேலியப் பெண் பாகிஸ்தானிய-அமெரிக்கப் பெண்ணாக நடிக்கலாமா? 'நடிப்பு என்றாலே இன்னொருவராக மாறுவதுதானே' என்பது ஒரு பதில். 'எல்லாத் தெற்காசியர்களும் ஒன்றுதான் என்று ஹாலிவுட் நினைப்பதன் விளைவு இது' என்பது இன்னொரு பதில். மலேசியாவில் இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. 'இந்தியர்' என்ற ஒரே கட்டத்துக்குள் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லாரையும் போட்டு நிரப்பிய பாரங்கள் நம்மிடம் எத்தனை!

தொலைக்காட்சியில் என்ன செய்தார்?

சினிமா வாய்ப்பு வரும், போகும். ஒரு நடிகரை ஊன்றி நிற்க வைப்பது பெரும்பாலும் தொடர்தான். ஜெரால்டினுக்கு அது 'மிராக்கிள் வொர்க்கர்ஸ்'. சைமன் ரிச் உருவாக்கிய இந்தத் தொடர் 2019 முதல் 2023 வரை நான்கு சீசன் ஓடியது. ஹாரி பாட்டர் புகழ் டேனியல் ராட்கிளிஃப், ஸ்டீவ் புஷெமி, கரண் சோனி ஆகியோர் உடன் நடித்தார்கள்.

இதன் அமைப்பு வித்தியாசமானது. நடிகர்கள் அதே ஆட்கள், ஆனால் ஒவ்வொரு சீசனிலும் கதை, காலம், பாத்திரம் எல்லாமே புதிது. முதல் சீசன் சொர்க்கத்தில் இயங்கும் ஒரு கம்பெனி. இரண்டாவது இடைக்கால ஐரோப்பா. மூன்றாவது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மேற்கு நோக்கிய மாட்டுவண்டிப் பயணம். நான்காவது உலகம் அழிந்த பிறகு. ஒரு நடிகைக்கு இது நான்கு வருடப் பயிற்சிப் பட்டறை மாதிரி. சம்பளமும் வருகிறது, ஒரே பாத்திரத்தில் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் இல்லை.

இரண்டு ஆஸ்திரேலியர்கள், ஒரு அமெரிக்க ஊழல்

தொலைக்காட்சிக்காக அவர் செய்ததில் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது 'பேட் எஜுகேஷன்'. கோரி ஃபின்லி இயக்கியது. 2019இல் டொரன்டோ விழாவில் திரையிடப்பட்டு, 2020 ஏப்ரலில் எச்பிஓவில் வந்தது. நியூயார்க் அருகே ரோஸ்லின் என்ற ஊரின் பள்ளி நிர்வாகத்தில் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கும் மேல் சுருட்டப்பட்ட உண்மைச் சம்பவம் இது. நிர்வாகத் தலைவராக ஹியூ ஜாக்மன். பள்ளி மாணவர் பத்திரிகைக்காகக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டி உண்மையைத் தேடும் மாணவி ரேச்சலாக ஜெரால்டின்.

ரேச்சல் கத்துவதில்லை. சவால் விடுவதில்லை. பழைய ரசீதுகள் இருக்கும் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள், விலாசங்களைத் தேடிப் போகிறாள், கேள்வி கேட்கிறாள். படம் அந்த ஆண்டின் சிறந்த தொலைக்காட்சித் திரைப்படத்துக்கான எம்மி விருதை வாங்கியது. ஜாக்மனும் ஜெரால்டினும் இருவருமே ஆஸ்திரேலியர்கள், ஆனால் படத்தில் அந்த உச்சரிப்பு துளிகூட வராது. உச்சரிப்பை மாற்றுவது ஆஸ்திரேலிய நடிகர்களுக்குத் தொழிலின் அடிப்படைப் பாடம்.

பெருந்தொற்று வந்தபோது?

2020 செப்டம்பரில், பல தியேட்டர்கள் மூடிக் கிடந்த நேரத்தில், 'த புரோக்கன் ஹார்ட்ஸ் கேலரி' தியேட்டரில் வெளியானது. நட்டாலி கிரின்ஸ்கி இயக்கிய காதல் காமெடி. தயாரிப்பில் செலினா கோம்ஸும் இருந்தார். ஜோடி 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' புகழ் டேக்கர் மான்ட்கோமரி, அவரும் ஆஸ்திரேலியர். முறிந்த காதல்களின் நினைவுப் பொருட்களைச் சேர்த்து வைக்கும் லூசி என்ற பெண்தான் கதையின் மையம். ஸ்டூடியோ காதல் படத்தில் தெற்காசிய வேர் உள்ள பெண், தோழியாக இல்லாமல் நாயகியாக வருவது அதுவரை அரிது. ஆனால் வந்த நேரம் சரியில்லை. எவ்வளவு உழைத்தாலும் நேரம் நம் கையில் இல்லை என்பதற்கு இந்தப் படமே சாட்சி.

பிறகு '7 டேய்ஸ்'. ரோஷன் சேத்தி இயக்கியது. அம்மா அப்பா இணையத்தில் தேடிப் பிடித்த மாப்பிள்ளையைப் பெண் சந்திக்கிறாள். இருவருக்கும் ஒத்துவரவில்லை. அந்த நேரம் பார்த்து ஊரடங்கு! ஒரே வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். கரண் சோனியும் ஜெரால்டினும் கிட்டத்தட்ட இரண்டு பேர் மட்டுமே தாங்கிய சின்னப் பட்ஜெட் படம். 2022இல் சிறந்த முதல் படத்துக்கான இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருது வாங்கியது. உங்கள் வீட்டிலும் 'பயோடேட்டா அனுப்பு' என்ற பேச்சு அடிபடுகிறது என்றால், இதில் நிறைய இடங்களில் சிரிப்பு வரும், சில இடங்களில் வலிக்கும்.

வேலைநிறுத்தம், பிறகு மார்வெல்

2023 ஜூலை முதல் நவம்பர் வரை அமெரிக்க நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஈத்தன் கோயன் இயக்கத்தில், மார்கரெட் குவாலியோடு ஜெரால்டின் நாயகியாக நடித்த 'டிரைவ்-அவே டால்ஸ்' 2023 செப்டம்பரில் வர வேண்டியது. நடிகர்கள் விளம்பரத்துக்கு வர முடியாது என்பதால் 2024 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது.

அதே வேலைநிறுத்தம் வேறு ஒரு கதவையும் திறந்தது. 'தண்டர்போல்ட்ஸ்' படப்பிடிப்புத் தேதிகள் மாறியதால், மெல் வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமான அயோ எடபிரி விலக நேர்ந்தது. அந்த இடம் ஜெரால்டினுக்கு வந்தது. 2025 ஜனவரியில் 'யுவர் கார்டியலி இன்வைட்டட்' படத்தில் வில் ஃபெரலின் மகளாக, மணப்பெண்ணாக வந்தார். மே மாதம் மார்வெல்.

'அப்போ எல்லாம் அதிர்ஷ்டம்தானா?' என்று கேட்கலாம். வாய்ப்பு திடீரென்று வந்தது உண்மை. ஆனால் அது வரும்போது அவர் கையில் ஏழு வருட வேலை இருந்தது. அந்த வேலை இல்லாதவரை அந்த இடத்துக்கு யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

தமிழ்ப் பாத்திரமாக நடித்தால்தான் தமிழ் நடிகையா?

வெளிநாட்டுத் தமிழ் நடிகைகளிடம் இரண்டு வழிகளைப் பார்க்கலாம்.

ஒன்று, கனடாவின் மைத்ரேயி ராமகிருஷ்ணன் போன வழி. ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண். மின்டி கேலிங் அறிவித்த பொதுத் தேர்வில் சுமார் 15 ஆயிரம் பேரில் தேர்வானவர். 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடரில் அவர் நடித்த தேவி தமிழ்ப் பெண். அவள் தமிழ்ப் பெண் என்பது கதையின் ஒரு பகுதி. பிரிட்டனின் சிமோன் ஆஷ்லி 'பிரிட்ஜர்டன்' இரண்டாம் சீசனில் 'அப்பா' என்று சொன்னபோது உலகம் முழுக்கத் தமிழர்கள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்ததும் இதே வகைதான்.

இன்னொன்று ஜெரால்டினின் வழி. கேலா, லூசி, மெல் ஆகியோரின் கதை அவர்கள் எந்த இனம் என்பதில் நிற்பதில்லை. முதல் வழி 'நாங்களும் இருக்கிறோம்' என்று சொல்கிறது. இரண்டாவது வழி 'எங்களால் யாராகவும் இருக்க முடியும்' என்று சொல்கிறது. இரண்டாவதில் ஒரு இழப்பும் இருக்கிறது: பெயரைத் தவிர நமக்கென்று பிடித்துக்கொள்ள அதில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பெயரைச் சுருக்காமல், மாற்றாமல் போஸ்டரில் வைத்திருப்பதும் சின்ன விஷயம் இல்லை.

ஆஸ்திரேலியாவிலேயே முதல் வழியும் பலமாக இருக்கிறது. எஸ். சக்திதரன் எழுதிய 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' நாடகம் இலங்கையிலிருந்து சிட்னி வரை ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சொல்கிறது. 2019இல் சிட்னியில் அரங்கேறி, ஹெல்ப்மன் விருதுகளை வாங்கி, பிறகு எடின்பரோ, நியூயார்க் வரை போனது.

நம்ம பக்கம் என்ன நிலைமை?

மலேசியத் தமிழருக்கும் இரண்டு வழியும் உண்டு. ஷஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015இல் வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் கதை. மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான விருதை வென்றது. முழுக்க நம்ம பேச்சு, நம்ம வலி. 2017இல் வந்த 'ஆடிவிராகூ' படத்தில் கெடா கிராமப்புறப் பள்ளியின் ஆங்கில ஆசிரியையாக சங்கீதா கிருஷ்ணசாமி நடித்தார். அங்கே கதை ஆசிரியையையும் மாணவர்களையும் பற்றியது, இனத்தைப் பற்றியது அல்ல.

நீங்கள் முயல விரும்பினால், ஜெரால்டினின் பாதையிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியவை இவை:

1. யாராவது கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டாம். நான்கு நண்பர்கள், ஒரு ஃபோன், ஐந்து நிமிட ஸ்கெட்ச். தமிழ் மொழிக் கழகத்தின் மேடைகூடப் போதும்.

2. செல்ஃப்-டேப் கற்றுக்கொள்ளுங்கள். இன்று பல தேர்வுகளின் முதல் சுற்று, வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பும் வீடியோதான். வெற்றுச் சுவர், முகத்தில் விழும் வெளிச்சம், தெளிவான ஒலி, எதிர்வசனம் படிக்க ஒரு ஆள். கோலாலம்பூரில் இருப்பவருக்கும் சுங்கை ஊடாங்கில் இருப்பவருக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

3. உங்கள் மூன்று மொழிகள் சொத்து. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் தடையில்லாமல் நடிக்க முடிந்தால் மூன்று சந்தைகள். எந்த மொழியையும் 'இது வேலைக்கு ஆகாது' என்று கைவிடாதீர்கள்.

4. முறையான படிப்பும் உண்டு. கோலாலம்பூரில் உள்ள அஸ்வாரா தேசியக் கலைக் கழகத்தில் நாடகம், திரைப்படம் இரண்டும் படிக்கலாம். அம்மா அப்பாவிடம் பேசும்போது 'நடிக்கப் போறேன்' என்பதைவிட 'டிப்ளோமா படிக்கப் போறேன்' என்பது கொஞ்சம் சுலபமாக இறங்கும்.

5. காசு கேட்டால் நில்லுங்கள். நல்ல தேர்வுக்குக் கட்டணம் கிடையாது. 'பதிவுப் பணம் கட்டு, வாய்ப்பு உறுதி' என்று யார் சொன்னாலும் விலகிவிடுங்கள். தனியாக வரச் சொன்னால் போகாதீர்கள்.

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

குடும்பத்தோடு என்றால் 'தண்டர்போல்ட்ஸ்'. நல்ல நடிப்பும் நல்ல கதையும் வேண்டும் என்றால் 'பேட் எஜுகேஷன்'. சிரிக்க வேண்டும் என்றால் 'மிராக்கிள் வொர்க்கர்ஸ்'. 'பிளாக்கர்ஸ்', 'டிரைவ்-அவே டால்ஸ்' இரண்டும் வயது வந்தோருக்கானவை, பாட்டி பக்கத்தில் இருக்கும்போது போட்டுவிட்டுப் பிறகு எங்களைத் திட்டாதீர்கள்.

பார்த்து முடித்ததும் பெயர்கள் ஓடும் வரை எழுந்து போகாமல் இருங்கள். தெரண்டாக் காலத்துத் தாத்தா ஒருவர் வீட்டில் இருந்தால், அந்தப் பெயரை நிறுத்திக் காட்டுங்கள். அவருக்குத் தெரிந்த ஆஸ்திரேலியாவும் உங்களுக்குத் தெரிந்த ஆஸ்திரேலியாவும் ஒன்றா என்று கேளுங்கள். நல்ல பேச்சு ஒன்று தொடங்கும்.